ரஃப் நோட்டு

ஒத்தக்கடை தாண்டி
யானைமலை முதுகு மட்டும் தெரிகிற இடத்தில்
எங்கள் கிரானைட் பட்டறை.
லாரியிலிருந்து இறங்கும் கல்லுக்கு
பாலிஷ் ஏறும்வரை ஒரே பெயர்: ரஃப்.

காலையில் போன் வரும்.
"ஜெயராக்கு, ரஃப்பா எத்தனை அடி தேறும்?"
நான் ரஃப்பாக ஒன்று சொல்வேன்.
அதில் நாற்பது அடியை
முதலாளி ரஃப்பாகக் குறைப்பார்.

மெஷினில் நிற்கிற சேவுகப்பெருமாளை
ஆளு ரஃப்பு என்பார்கள்,
டீ ஆறிப்போய் வந்தால்
கிளாஸைச் சுவரில் அடிப்பான் என்பதால்.

டவுன்ஹால் ரோட்டில் செருப்பு வாங்கப் போனேன்.
கடைப் பையன் என் காலைப் பார்த்தான்,
"ரஃப் யூஸுக்குத்தானேக்கா?" என்றான்.
எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

தமிழில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது.
சொரசொரப்பு, முரடு, தோராயம், உத்தேசம்.
ஒரே தெருவில் குடியிருந்தும்
முகம் பார்த்துப் பேசாத பங்காளிகள்.
எங்கிருந்தோ வந்த இந்தச் சொல்
நடுவில் மூன்று புள்ளியை
அடுப்புக் கல்லாகக் கூட்டி
அத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது.

என்னிடம் நோட்டு இரண்டு.
ஃபேர் நோட்டு ஆடிட்டருக்கு:
நீல மை, ஸ்கேல் வைத்த கோடு, பதினோரு பெயர்.
ரஃப் நோட்டு எனக்கு:
பென்சில், டீக்கறை, கல்தூள்,
இருபத்தாறு பெயர்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஸ்டாண்டில் சாய்த்திருந்த பலகை சரிந்தது.
சத்தம் பெரிதாக இல்லை.
பெரியாஸ்பத்திரியில்
சேவுகப்பெருமாளுக்கு இரண்டு விரலை எடுத்தார்கள்.

மறுநாள் அவன் பெண்சாதி பஞ்சவர்ணம்
கைப்பிள்ளையோடு வந்து நின்றாள்.
முதலாளி அவளை உட்காரச் சொன்னார்,
கலர் வாங்கிவரச் சொன்னார்.
அன்றைக்கு அவர் குரல்
எட்டாம் நம்பர் பாலிஷ் போட்ட கறுப்புக் கல்,
ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.
"அவன் நம்ம ஆளே இல்லையேம்மா.
சும்மா டீ குடிக்க வந்த பய.
வேணும்னா நோட்டைப் பாரு."
ஃபேர் நோட்டை அவரே விரித்துக் காட்டினார்.
அவள் போன பிறகு என் பக்கம் திரும்பி,
மெதுவாக,
"அந்தப் பழைய நோட்டைப் பாய்லர்ல போட்ரு" என்றார்.

எங்களிடம் பாய்லர் கிடையாது.
எரித்துவிடு என்பதைக்கூட
அவருக்கு வழவழப்பாகத்தான் சொல்ல வரும்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன்.
கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து,
கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.
நான் ஹார்லிக்ஸைக் கீழே வைக்கும்போது கேட்டான்:
"அந்தக் கிளாஸு காசு
என் கணக்குல பிடிச்சிட்டீங்களாக்கா?"

பஸ்ஸில் நின்றுகொண்டே நோட்டைப் புரட்டினேன்.
இருந்தது.
என் கோழிக்கிறுக்கலில், அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே:
சேவுகு, காலை ஷிப்ட்.
கிளாஸ் ஒன்று. பன்னிரண்டு ரூபாய் பிடித்தம்.

டீ குடிக்க வந்தவனிடம்
யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்?

ஒத்தக்கடை ஸ்டாப்பில் நான் இறங்கவில்லை.
இறங்காததற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க மாட்டேன்.
கூட்டம் இருந்தது,
வயிறு கலக்கியது,
மூன்று மாத வீட்டு வாடகை ஞாபகம் வந்தது.
அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.
புதுச் செருப்பு கடித்தது.

லேபர் ஆபீஸ் மாடியில் ஃபேன் ஓடவில்லை.
அதிகாரி நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
"என்னம்மா இது, ஃபேர் காப்பி இல்லியா?"
"இருக்கு சார். அதுல இவரு இல்ல."

அவர் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.
கல்தூள் பட்டிருக்க வேண்டும்,
முகத்தைச் சுளித்தார்.
பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு
முதல் பக்கத்திலிருந்து
படிக்க ஆரம்பித்தார்.