நட்சத்திரத்துக்குப் பின் ஓர் இடைவெளி

குளச்சலில் எங்கள் ஐஸ் கம்பெனியில்
விண்டோஸ் படுத்துவிட்டது,
தடைக்காலம் தொடங்கிய அதே வாரம்.
முதலாளியின் மச்சினன் பினோ
தோஹாவுக்குப் பெட்டி கட்டிய அவசரத்தில்
காசு கேட்காத லினக்ஸ் ஒன்றை ஏற்றிவிட்டு
ஒன்பது கட்டளைகளைத் தாளில் எழுதி
அம்மோனியா எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே
செலோடேப் போட்டு ஒட்டிப் போனான்.
அர்த்தம் எழுதவில்லை.

விசைப்படகுகள் கட்டிக் கிடந்த இரண்டு மாதம்.
வள்ளங்களுக்கு மட்டும் பத்து, இருபது பார் ஐஸ்.
கம்ப்ரசர் ஓடும், நிற்கும்.
கறுப்புத் திரைக்கு முன்னால் நான்
ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் pwd.
எங்கே நிற்கிறாய் என்று சொல்லும்,
அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.
இந்தப் பக்கத்தில் அப்படிப் பதில் கிடைக்காது.
வழி கேட்டால் நீ யாருக்க மவ என்று தொடங்குவார்கள்.

அடுத்து whoami.
நான் யார்?
சாமியார்கள் ஆயுசு முழுக்கக் குடைகிற கேள்வி.
எண்டர் தட்டியதும் பதில் வந்தது:
ice2.

ls அடித்தால் இருப்பதெல்லாம் வரிசையாக வரும்.
cd அடித்தால் உள்ளே போகலாம்,
இரண்டு புள்ளி வைத்தால் வெளியே.
சரியாகச் செய்தால் வாயே திறக்காது.
பதில் வராவிட்டால் காரியம் நடந்துவிட்டது
என்று புரிய எனக்கு ஒரு வாரம்.
அதுவரை எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்தேன்.

முதலாளியின் ஃபோல்டரில் நுழையப் பார்த்தேன்.
அனுமதி இல்லை.
sudo போட்டால் திறக்குமாம்.
பாஸ்வேர்டு தோஹாவில்.

படகுக்கு ஒரு கோப்பு, உள்ளே ஐஸ் கடன்.
Sahayam என்று ஒன்று,
sahayam என்று இன்னொன்று.
இரண்டும் வேறு வேறு என்றது மெஷின்.
நான் எழுதப் படித்த மொழியில்
எழுத்துக்குக் குறிலும் நெடிலும் உண்டு,
பெரிய ஆள் சின்ன ஆள் கிடையாது.
பிறகு அதுவே தோதாகிவிட்டது:
பெரிய எஸ், விசைப்படகு சகாயம்.
சின்ன எஸ், கொட்டில்பாடு வள்ளக்காரர் சகாயம்.

ஆகஸ்ட் முதல் வாரம். கணவாய் ஏராளம்.
அதிகாலை மூன்று மணிக்கு வாசலில் ஹாரன் மேல் ஹாரன்.
பழைய கோப்புகளைத் தூக்கிவிடலாம் என்று
rm, ஒரு நட்சத்திரம், புள்ளி, old.
நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில்
குளிரில் விறைத்த கட்டைவிரல்
ஸ்பேஸ் பாரில் பட்டுவிட்டது.

நட்சத்திரம் என்றால் எல்லாம்.
நூற்றுப் பன்னிரண்டு படகு.
போன பிறகு ஒரே ஒரு வரி வந்தது:
.old என்பதை அழிக்க முடியவில்லை,
அப்படி ஒரு கோப்பு இல்லை.

இருந்த நூற்றுப் பன்னிரண்டைப் பற்றி
மூச்சு விடவில்லை.

விடிந்ததும் நோட்டும் பேனாவுமாய்த் துறைமுகத்தில் இறங்கினேன்.
முதலாளிக்குச் சொல்லவில்லை.
"உங்களுக்க பாக்கி எத்தன பாரு?"
பெரிய எஸ் நாற்பது என்றார்.
அறுபது என்று எனக்கு ஞாபகம்.
நாற்பது எழுதினேன்.
சின்ன எஸ் வலையிலிருந்து தலையெடுக்காமல்
"இருபத்திமூணர. அந்த அர, ஒடஞ்ச பாரு.
நீதானே பிள்ளே எழுதின?"
ஒருவர் என்னிடமே திருப்பிக் கேட்டார்,
எவ்வளவு போட்டிருக்க என்று.
வெயில் ஏறிவிட்டது. கை ஐஸ் பிடித்தது போலவே இருந்தது.
கடைசியில் சேசடிமை.
"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று
என் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

சுவர்த் தாளில் பத்தாவதாக
cp என்று நானே எழுதினேன். நகல் எடுக்க.
பினோ அதை ஏன் விட்டான் தெரியவில்லை.
rm-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் -i.
இனி ஒவ்வொன்றுக்கும் கேட்கும்:
அழிக்கவா? அழிக்கவா?

சேசடிமைக்கும் ஒரு கோப்பு வேண்டுமே.
touch அடித்து அவன் பெயரைப் போட்டேன்.
ls -l.
அளவு பூஜ்யம்.
பக்கத்தில், நான் அவனை எழுதிய
நாளும் மணியும் மட்டும் நிற்கிறது.