மூன்று முறை இழுத்தால்

ஒருமுறை இழுத்தால்: நலம்.
இருமுறை: இன்னும் குழாய் விடு.
மும்முறை: தூக்கு.
உலீசெஸுக்கும் எனக்கும் இடையே
இவ்வளவுதான் இலக்கணம்.
கரையில் அவன் வாய் ஓயாது.
அங்கே அவனிடம் சொல்ல
எனக்கு ஒன்றும் இருப்பதில்லை.

படகின் பெயர் லா பொர்ஃபியாதா, பிடிவாதக்காரி.
வரும் வழியில் இரண்டு தடவை நின்றாள்.
எலியோதோரோ திட்டவில்லை.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து
மறுபடி மாட்டினார்,
குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டதுபோல.

தீவுக்கு வரைபடத்தில் ஓர் எண் உண்டு.
நாங்கள் சொல்வது கரண்டி.
வடக்கே குழிவு, தெற்கே நீளும் கைப்பிடி,
முழுக்க வெள்ளை.
சாந்தியாகோவிலிருந்து வருகிறவர்கள்
பனி என்று நினைத்துப் படம் எடுப்பார்கள்,
காற்று திரும்பும்வரை.

ஈயப்பட்டையை இறுக்கி
மஞ்சள் குழாயின் நுனியைக் கடித்துக்கொண்டு
மல்லாக்க விழுந்தேன்.

குளிர் முதலில் நெற்றியைப் பிடிக்கும்,
பிறகு அடைத்த பல் ஒன்றைத் தேடிப் போகும்.
பாசிக்காடு ஒருபக்கம் சாய்ந்தது,
நின்றது,
மறுபக்கம் சாய்ந்தது.
நானும் கூடவே சாய்ந்தேன்.
எதிர்த்தவர்களுக்கு மிஞ்சுவது களைப்பு.

காற்றில் பெட்ரோல் வாடை. அதன் பின்னால் வெங்காயம்.
பதினொரு மீட்டர் ஆழத்தில் தெரிந்துகொண்டேன்
மதியச் சாப்பாடு என்னவென்று.

இரும்புச் சட்டத்தைப் பாறையில் வைத்து
உள்ளே ஒட்டியிருந்த லோகோச் சிப்பிகளை எண்ணினேன்.
பதினேழு.
போன வருடம் இதே பாறையில் முப்பத்தொன்று.
ஒன்றை நத்தை என்று விட்டுவிட்டேனோ என்று
மறுபடி எண்ணினேன்.
பதினேழுதான்.

அப்போது வந்தது அந்தக் கடற்சிங்கக் குட்டி,
தலைகீழாய்.
என் முகமூடிக்குள் யார் என்று பார்த்தது.
நான் விட்ட குமிழிகளைப் பார்த்துத்
தானும் மூக்கிலிருந்து ஒரு கொத்து விட்டது.
சிரித்தேன். உப்புநீர் உள்ளே வந்தது.

பிறகு, அமைதி.

ஃப்ரிட்ஜ் நின்றபிறகுதான்
அது இத்தனை நாள் முனகியது தெரியும் இல்லையா,
அப்படி.
மேலே எந்திரம் இல்லை.

தொட்டியில் மிச்சம் பன்னிரண்டு மூச்சு என்பார்கள்.
யார் எண்ணிப் பார்த்தது தெரியாது.
மூன்று முறை இழுத்தேன்.
கயிறு தொளதொளவென்று என்மேலேயே விழுந்தது.
எழுதிய பலகையை விட்டேன்,
சட்டத்தை விட்டேன்,
ஈயப்பட்டையையும் விட்டிருக்க வேண்டும்,
அதன் கடன் இன்னும் நான்கு மாதம் இருந்தது.

மூச்சை விட்டுக்கொண்டே ஏறு,
மிகச் சின்னக் குமிழியை முந்தாதே.
ஏறினேன்.
குட்டி பக்கத்திலேயே வந்தது,
இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று.

நான்கு மீட்டரில் எந்திரம் இருமியது.
காற்று வந்தது,
கருகிய வெங்காயத்தோடு.

மேலே உலீசெஸ் கைகள் இரண்டும் கிரீஸ்.
கயிறு அவன் காலடியில் கிடந்தது.
பெட்ரோல், என்றான்.
அதற்குமேல் அவனுக்கு வரவில்லை.
எலியோதோரோ வாணலியைக் கடலில் கவிழ்த்தார்.
கூழைக்கடா ஒன்று வந்து முகர்ந்து
வேண்டாம் என்று போனது.

கரண்டியின் குழிவில் ஏறி உட்கார்ந்தேன்.
கால் நடுக்கம் நிற்கட்டும் என்று.
பென்குயின் வளை ஒன்றிலிருந்து
கழுதை கத்துவதுபோல் யாரோ ஆட்சேபித்தார்கள்.
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

கூட்டுறவுச் சங்கத்தின் படிவத்தில்
முதல் கேள்வி: தீவில் வசிப்போர்.
போன வருடம் நான்தான் எழுதினேன்,
எவருமில்லை என்று.

எதிரே எங்கள் ஊர்
கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியது.
எலியோதோரோவின் பைனாகுலரில் என் கொல்லை.
பக்கத்து வீட்டு ரோசெந்தா
என் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.
மூடுபனி வருகிறது போலும்.
நான் அவளோடு பேசி ஒன்றரை வருடம்.
ஒவ்வொரு துணியையும் உதறி மடித்தாள்,
கிழிந்த உள்பாவாடையைக்கூட.

பலகை கீழேயே கிடக்கிறது.
இரண்டு மணிக்கு மறுபடி இறங்கினேன்.
உலீசெஸ் பெட்ரோலை மூன்று தடவை பார்த்தான்.

அடியைத் தொடுமுன்பே இழுத்தான், ஒருமுறை.
பதிலுக்கு இழுத்தேன்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி இழுத்தான்.
இழுத்தேன்.
மறுபடி.
எண்ணிக்கை தவறித் தவறி
அன்று பாதிப் பாறைதான் முடிந்தது.