ஒளிமேசை

ஹால்பேராவின் வேலை புழு பொறுக்குவது.
கண்ணாடி மேசைக்கடியில் விளக்கு;
மேலே காட் மீனின் சதை
வெளிச்சம் குடித்துக் கிடக்கும்.
பழுப்பாய்ச் சுருண்டிருப்பதை இடுக்கியால் எடுத்து
வாளியில் போடுவாள்.
இருபத்தோரு வருடம்.

செவ்வாய் விடியலில்
லேபிள் அச்சுப்பொறி தானாக ஓடியது.
எடை இல்லை, தேதி இல்லை,
வெற்றுக் காகிதம்
முழம் முழமாய்த் தரையில்.

அக்குரேரியிலிருந்து பனிச்சாலையில் வந்தான் ஓர்வார்.
"யாரோ பென்டிரைவ் செருகியிருக்கிறார்கள்."
யாரென்று யாரும் கேட்கவில்லை.
மேஸ்திரி மட்டும் குனிந்து
கயிறே இல்லாத ரப்பர் பூட்ஸைச் சரிசெய்தார்.

அது கதவைத் தட்டாதாம்.
ஒரு கணினிக்குள் படுத்தபடியே
பக்கத்துக் கணினியின் கடவுச்சொல்லை ஊகிக்குமாம்:
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
இங்கே எல்லாவற்றுக்கும் அதுதான்.

கேபிள்களைப் பிடுங்கினான்.
ஒவ்வொன்றாய்த் துடைத்தான், ஓட்டையை அடைத்தான்,
மதியம் இணைத்தான்.
காப்பி ஆறுவதற்குள்
மறுபடி வெற்றுக் காகிதம்.

"எத்தனை பார்த்தாய்?"
"பதினொன்று. அவ்வளவுதான் பட்டியலில்."
ஹால்பேரா கையுறையைக் கழற்றினாள்.
"துண்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாயா?"

எடைமேடைக்கு அடியில்
உப்புப் பூத்த தகரப் பெட்டிக்குள்
பன்னிரண்டாவது.
கணினியென்றே யாரும் நினைக்காதது,
பொடிப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு
யாரிடமோ
இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஓர்வார் ஈரத்தில் மண்டியிட்டான்.
அவள் டார்ச் பிடித்தாள்.
அன்றைய மீன்கள்
தம் எடை தெரியாமல்
ஐஸில் காத்திருந்தன.