பூச்சியம் தசம் மூன்று எட்டு

உவர்மலையில் காலை எட்டு மணிக்கே
ஆய்வுகூடத் தகரம் சுடத் தொடங்கிவிடும்.
குளிர்பெட்டியைத் திறந்தால் சம்பூர் மண்,
புடவைக்கடைப் பையொன்றில்.
நீல மையில் பெயர்: கோணாமலை.
ஆழம் எழுதவில்லை. திகதி இல்லை.
மூலையில் மட்டும்
'பழைய கிணற்றுக்குக் கிழக்க.'

இரண்டு மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்தேன்.
மேலே தங்கியவை
வேர்நுனி, நத்தை ஓடு, சீமெந்துத் துணுக்கு,
களிம்பேறிய பித்தளைக் கோது ஒன்று.
கோதைப் பற்றி முறைநூலில் எதுவுமில்லை.
வேர்களோடு குப்பையில் போட்டேன்,
பிறகு எடுத்து
மேசை லாச்சியில் வைத்தேன்.

ஒரே மண். இரண்டு பங்கு.
இருபத்தைந்து கிராம், இருபத்தைந்து கிராம்.
ஒன்றைத் தொடுவதில்லை.
மற்றது கண்ணாடிக் கலத்துள் போகும்.
அடியில் நனைத்த தாள்,
நடுவே சிறு முகவையில் குளோரோபோம்,
அதற்குள் நாலைந்து கொதிகல்.
பம்பு காற்றை உறிஞ்ச உறிஞ்ச
நெருப்பே இல்லாமல் அது கொதிக்கும்.
வால்வை மூடிக்
கறுப்புத் துணியால் போர்த்துவேன்.
இருபத்துநாலு மணித்தியாலம்.

சவ்வு கிழிந்து
சேர்த்து வைத்ததெல்லாம் கசியும்:
காபன், நைதரசன், பொசுபரசு.
கண்ணுக்குத் தெரியாததன் பொருள்பண்டத்தை
அது செத்த பிறகுதான் கணக்கெடுக்கிறோம்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் நஸ்மியா
சேர்ந்த முதல் கிழமையே கேட்டாள்:
"மிஸ், சாக்காட்டாம அளக்க ஏலாதா?"
ஏலும். சீனிக்கரைசல் ஊட்டி
மூச்சை அளக்கலாம்.
அதற்கான கருவி பழுதாகி
இரண்டு வருடம்.

மறுநாள் ஆவியை வெளியேற்ற வேண்டும்,
ஆறு தரம். நாலாம் தரத்தில் கரண்ட் போனது.
யன்னல்களைத் திறந்துவிட்டு
இருவரும் வாசலில் நின்றோம்.
இனிப்பான ஒரு மணம், நெற்றி கனத்தது.
படலைக்கு வெளியே இரண்டு புள்ளிமான்கள்
மதியச் சோற்றுப் பார்சலின் கடதாசியை
நிதானமாய் மென்றன.

பிறகு பொற்றாசியம் சல்பேற்று.
அரை மணி குலுக்கி, வடித்து,
இருகுரோமேற்றோடு காய்ச்சி, ஆறவிட்டு
அளவியிலிருந்து துளி துளியாய்.
செம்மஞ்சள் பச்சையாகும்.
பச்சையிலிருந்து செங்கல் நிறத்துக்கு
ஒரு துளி தூரம்.
அந்தத் துளிக்கு முன்னால்
நான் மூச்சு விடுவதில்லை.

கொன்ற மண்ணில் வந்ததிலிருந்து
சும்மா விட்ட மண்ணில் வந்ததைக் கழி.
அது காணாது.
பூச்சியம் தசம் மூன்று எட்டால் வகு.
ஏனென்றால் செத்ததெல்லாம் வெளியே வராது;
நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கே கரைசலில் சேரும்,
மிச்சம் களியோடு ஒட்டிக்கொண்டு
மண்ணாகவே இருந்துவிடும்.
முறை இதை ஒப்புக்கொள்கிறது.
ஒப்புக்கொண்டு, அதற்கும் சேர்த்துக் கணக்கு முடிக்கிறது.

அண்ணாவுக்காக அம்மா நிரப்பிய படிவங்களில்
இப்படி ஓர் எண் இருந்ததில்லை.

கிராமுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மைக்கிரோகிராம்.
மூன்று தரம் பார்த்தேன்.
பக்கத்துக் காணியின்
வருடா வருடம் உழுத மண்ணில் இதில் பாதிதான்.
கம்பிக்கு அந்தப் பக்கம்
யாரும் கலப்பை வைக்காத பத்து வருடத்தில்
இலை விழுந்து, இலைமேல் இலை விழுந்து
அவை பெருகியிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை கோணாமலை வந்தார்.
"மண்ணில சீவன் இருக்கோ பிள்ளை?"
இருக்கு ஐயா, நல்லா இருக்கு.
கொஞ்ச நேரம் அறிக்கையையே பார்த்தார்.
"அப்ப நாங்கள் முகாமில கிடந்த காலம்
அதுகள் வீட்டில இருந்திருக்குதுகள்."
சிரித்தாரா என்று தெரியவில்லை.
சோளன் போடலாமா, கச்சான் போடலாமா
என்று கேட்டார்.
கச்சான் என்றேன்.

எழுந்தவர் திரும்பி வந்தார்.
"மிச்ச மண்ணைத் தருவீங்களோ?"

லாச்சியில் இருந்ததை அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பையின் வாயைச் சுருட்டி றப்பர்வளையம் போட்டுக் கொடுத்தேன்.
ஐம்பது கிராம் குறையும் என்றேன்.