நானூறு மீட்டர்

வேலந்தாவளத்தில் என் ஷெட்டின் ஷட்டர் தமிழ்நாட்டில்,
பின்சுவர் கேரளத்தில் என்பார்கள். அளந்தவர் இல்லை.
முன்பு கோழித்தீவனக் குடோன்.
மழை பிடித்தால் இன்னும் மக்காச்சோள வாடை.
நடுவில் இரண்டு உருளைகள். அதன்மேல் ஏறி
இருந்த இடத்திலேயே நூற்றெண்பதில் ஓடும் வண்டிகள்.

புதுநகரம் அபுதாகிர் சிவப்புப் போலோவைக் கொண்டுவந்தபோது
ஏற்கெனவே எவனோ கைவைத்திருந்தான்.
டவுன்பைப் புதுசு. இன்டர்கூலர் பெரிசு,
பம்பரை உள்ளே அறுத்துத் திணித்தது.
காலை எடுத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும்,
அதற்கு மட்டும் எட்டாயிரம் அழுதிருக்கிறான்.
கிளட்ச் பழசு. மூன்றாம் கியரில் முழுக்க மிதித்தால்
முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை,
சம்பளம் வந்தும் வீடு வந்து சேராத மாதிரி.

"சேச்சி, இருநூறு குதிரை வேணும்."
குதிரை எல்லாரும் கேட்பார்கள். கொள்ளு?
இந்த டர்போவுக்கு, நம் பங்க் பெட்ரோலுக்கு
நூற்றைம்பத்தைந்து. அதற்குமேல்
பிஸ்டனைப் பொட்டலம் கட்டித் தருகிறேன் என்றேன்.

டர்போ ஒன்றும் மந்திரமில்லை.
வெளியே போகிற சூட்டை வாசலில் மறித்து
ஒரு வேலை வாங்கிவிட்டு அனுப்புவது.
கணவாயும் கிட்டத்தட்ட அப்படித்தான்:
கடற்காற்றை இரண்டு மலைக்கு நடுவே அமுக்கி
எங்கள் தென்னைகளை ஒரே பக்கம் சீவி வைத்திருக்கிறது.
ஆடியில் ஷட்டரைத் திறந்துவைத்தால்
எஞ்சினுக்குள் போகும் காற்று ஆறு டிகிரி குளிர்ச்சி.
அதற்கு நான் பில் போடுவதில்லை.

காதில் ஹெட்போன். பிளாக்கில் திருகிய மைக்.
மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல்.
எனக்கு அதில் ஒன்று மட்டும் கேட்கக்கூடாது,
மூடிய வாணலியில் கடுகு தெறிக்கிற சத்தம்.
கேட்டது. பற்றவைப்பை ஒரு டிகிரி பின்னிழுத்தேன்.
நின்றது.
அரை டிகிரி திரும்பக் கேட்டேன். கொடுத்தது.
நூற்றைம்பத்து மூன்று. போதும்.

புதுக் கிளட்ச் போட்டு, லாகரைச் செருகி
ஒரு வாரம் ஓட்டிவிட்டு வா என்றேன்.
ஏழு ராத்திரி, ஏழு கோப்பு.
பதினொன்றரைக்குப் புதுநகரத்தில் சாவி.
கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் முழு மிதி.
பிறகு ஏழு ராத்திரியும் ஒரே இடத்தில்
திராட்டில் பூஜ்யம்.
நானூறு மீட்டர்.
பூஸ்ட் கோடு கிணற்று வாளிபோல்
அடியில் போய்க் கிடக்கிறது. பிறகு மறுபடி மிதி.

வேகத்தடையா? இல்லை.
போலீசா? இல்லை.
ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.
"காலை எடுத்தாலும் வெடிக்குதே சேச்சி.
அதை அங்கே மட்டும் நிறுத்த முடியுமா?"

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கூடப் போனேன்.
இடப்பக்கம் ஓட்டு வீடு. ஒரு ஜன்னலில் டியூப்லைட்.
கொடியில் நர்ஸ் சீருடை, இருட்டியும் எடுக்காமல்.
அவன் வீட்டைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தான்.
நான்தான் பார்த்தேன்.
எங்களுக்குப் பின்னால்
எட்டு வெடி, வரிசையாக.
ஜன்னலில் விளக்கு அணைந்தது.

மறுநாள் இரண்டாவது மேப் எழுதினேன்.
குரூஸ் பொத்தானை இருமுறை தட்டினால்
வெடி கிடையாது, பூஸ்ட் பாதி,
பால் வாங்கப் போகிற வண்டிமாதிரி போகும்.
என்ன பேர் வைக்க என்றதற்கு
"பேரெல்லாம் வேண்டாம்" என்றான்.
400 என்று சேமித்தேன்.

நேற்று அனுப்பிய கோப்பு:
கொழிஞ்சாம்பாறை. முழு மிதி. இரண்டு தட்டு.
நாற்பது, முப்பது, பன்னிரண்டு.
வேகம் பூஜ்யம்.
நான்கு நிமிடம், பதினொரு நொடி.
ஐட்லிங் எழுநூற்றெண்பது, ஆடாமல்.
நின்ற வண்டிக்குள் காற்றின் சூடு
மெல்ல மெல்ல ஏறுகிறது.
தெறிப்பு இல்லை.
பிறகு சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறான்.
கோப்பு அதோடு முடிகிறது.