ஆறு சொல்

கருங்கல் சந்திப்பில் பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே பன் வேகும்போது
மேலே இலக்கணம் யாருக்கும் ஏறாது.
மாலை ஆறு மணி வகுப்பு,
பதினோரு பேர், ஒன்பது நாற்காலி.
செல்வினைத் தவிர எல்லோரும்
என்னைவிட மூத்தவர்கள்.

பாடநூல் சொல்கிறது:
பத்தி என்பது ஒரு பர்கர்.
மேலே ரொட்டி, கீழே ரொட்டி, நடுவில் சரக்கு.
படத்தை உற்றுப் பார்த்தார் மரிய சிலுவை.
இனயத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர்,
ஸ்காட்லாந்துப் படகுக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
“புட்டுண்ணு சொன்னா போராதா டீச்சரே?”

போதும்தான்.
பலகையில் புட்டுக்குழல் வரைந்தேன்.
தேங்காய், மாவு, தேங்காய்.
“மாவுல நனவு பாகத்துக்கு இருக்கணும்,
இல்லெங்கி குழல விட்டதும் உதுந்துபோவும்”
என்றார் பினுகுமாரி.
வாக்கியத்தை வாக்கியம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று
இரண்டு வருடமாக நான் திணறிச் சொன்னது
அவ்வளவுதான்.

எழுதினார்கள்.
சிலுவையின் பத்தியில் முற்றுப்புள்ளியே இல்லை.
எஞ்சினை நிறுத்தினால்தானே வலை போடலாம் என்றேன்.
“நிறுத்தப்பிடாது, நியூட்ரல்ல இடணும்.”
அப்படியானால் அங்கே காற்புள்ளி என்றேன்.
பினுகுமாரி ரப்பர் வெட்டப் போனதில் தொடங்கி
மகளின் காலேஜ் ஃபீஸ் வழியாக
மாமியாரின் சர்க்கரைக்குப் போய்விட்டார்.
‘ஒரு பத்திக்கு ஒரு விஷயம்’, சிவப்பு மையில் எழுதினேன்.
“எனக்கு எண்ணைக்கும்
ஒரு விஷயமா வாறதில்லையே டீச்சரே.”
அதற்கு எந்த மையிலும் பதில் இல்லை.

ரெஜிலா மஸ்கட்டில் நான்கு வருடம் நர்ஸ்.
திரும்பி வந்தபோது மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதிய கடிதத்தில்
முதல் வரி: நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.
இரண்டாவது: குடும்பத்தாரும்.
மூன்றாவது: புதிய கட்டடம் எழும்பியதாகக் கேள்வி, மகிழ்ச்சி.
ஏழாவதில்தான் அவர் பெயரே வருகிறது.
எட்டில் எங்கள் ஊரில் மழை.
பணம் எங்கே என்று தேடினேன்.
கையெழுத்துக்கும் கீழே, தாளின் ஓரத்தில்,
பொடி எழுத்தில்:
‘சம்பளக் காரியம் தாங்கள் அறிந்ததே.’

முக்கியமானதை முதலில் வையுங்கள் என்றேன்.
“எடுத்த எடுப்பிலயா?
ஒருத்தர் வீட்ல கேறினதும் செருப்போட
அடுக்களைக்குப் போனது போல ஆக்குமே.”
வகுப்பு முழுக்கத் தலையாட்டியது.
நானும் பாதி ஆட்டினேன்.

மூன்று தடவை திருத்தினோம்.
மூன்று தடவையும் அந்தக் கட்டடம்
ஒரு வரி கீழே இறங்கியதே தவிர
இடியவில்லை.

நான்காவது புதன்கிழமை கரண்ட் போயிற்று.
செல்வினின் போன் வெளிச்சத்தில்
ரெஜிலா தாளை என்னிடம் நீட்டினார்.
முதல் வரி, ஆங்கிலத்தில் ஆறே சொல்:
நீங்கள் எனக்கு மூன்று மாதச் சம்பளம் தர வேண்டும்.
அதன் கீழே தேதிகள், வார்டு எண்,
இரவு வேலை பார்த்த நாட்கள் நாற்பத்தொன்று.
ஒரு பொடி உதிரவில்லை.
சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.
வாசிக்கும்போது எழுந்து நின்றுவிட்டார்,
யாரும் நிற்கச் சொல்லவில்லை.
“ஐயோ, வெப்ராளமா வருது” என்று
உடனே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.
சிலுவை மட்டும் கேட்டார்:
“மழைய எங்க வச்சிய?”
“எடுத்துப்போட்டேன்.”

வகுப்பு முடிந்து படி இறங்கினேன்.
சென்டர் நடத்துகிறவர் அறையில் மெழுகுவர்த்தி.
எனக்கும் அங்கே இரண்டு மாதப் பாக்கி.
ஆறு சொல்லை
படிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வந்து
கதவைத் தட்டினேன்.
“சார், அம்மைக்கு முட்டுவலி எப்பிடி இருக்கு?”

அவர் சொல்லத் தொடங்கினார்.
நல்ல பத்தி அது.
ஒரே விஷயம், போதிய ஆதாரம்,
கடைசி வரியில் தெளிவான முடிவு.

வெளியே தேங்காப்பட்டணம் கடைசி பஸ்
ஹார்ன் அடித்தது.