ரோஸ் சிரப், இரண்டு போத்தல்

கணக்குப் பிரிவு கேட்டிருக்கிறது:
குடல் ஆராய்ச்சிக்கு எதற்கு
ரோஸ் சிரப் இரண்டு போத்தல்,
பதினொரு ரிங்கிட் எண்பது சென்?

குடிக்கவில்லை ஐயா.
லோஷினியின் கட்டைவிரல் பழகுவதற்கு.
அசல் திரவம் ஒரு சிமிழ்
அவளுடைய ஒரு மாதச் சம்பளம்.
அதனால் தண்ணீரில் சிவப்பைக் கலந்து
ஒரு சொட்டை நான்காகப் பிரிக்கச் சொன்னேன்.
முனையில் காற்றுக்குமிழி நின்றால்
மறுபடி.
மூன்று வாரம் எங்கள் மேசையில்
எறும்புகளும் பயிற்சி எடுத்தன.

ஊத்தான் மெலிந்தாங்கில்
எங்கள் ஆய்வுக்கூடம் என்பது
மூடிப்போன கிளினிக்கின் எக்ஸ்ரே அறை.
சன்னல் கிடையாது.
செம்பனை லாரி கடக்கும்போதெல்லாம்
தராசு
இல்லாத எடையைக் காட்டும்.

இங்கே எல்லாருக்கும் கேஸ்ட்ரிக்.
நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக்,
சம்பந்தி வீட்டில் மனக்கசப்பு என்றாலும் கேஸ்ட்ரிக்.
குலை அறுக்கும் வீரப்பெருமாள்
பத்து வருடமாய் வெள்ளை மருந்தைக் குலுக்கிக் குடித்து
மேலே ஒரு கோப்பி ஓ ஊற்றிக்கொண்டு
வேலைக்கு இறங்குகிறார்.
அந்த எரிச்சலுக்கு உள்ளே இருப்பது என்ன,
கிருமியா, எத்தனை பேர் வயிற்றில்?
கேட்கத்தான்
நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள் கொடுத்தோம்.

வெட்கத்தை எப்படிக் கைநீட்டி வாங்குவது என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.
டப்பாவைக் கறுப்புப் பையில் சுற்றி,
பையைச் செய்தித்தாளில் சுற்றி,
பிஸ்கட் டின்னுக்குள் வைத்து
ஒரு பெண் மோட்டாரில் வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே நீட்டினாள்.
மோட்டாரை எங்களுக்குத் தெரியும்.
தர்வின் தலை தூக்காமல் எழுதினான்:
எண் முப்பத்தெட்டு.
சிரிக்கவில்லை.
அவனுக்கு இந்த வேலை பிடிபட்டது
அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலையில் பணம் நின்றது.
'இவ்வாண்டு முன்னுரிமைப் பட்டியலில் இல்லை.'
குளிர்பெட்டியும் அதே வாரம் நின்றது.
எது முதலில் என்பதில்
எங்களுக்குள் இன்னும் தகராறு.
மீன்கடை ஆ சூன்
இறால் பெட்டி ஒன்றைக் காலி செய்து, கழுவி,
பூட்டுப் போட்டுச் சாவியைத் தந்தார்.
"ஊர் வயிறு பூரா என் கடையிலயா?" என்று
மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
மின்கட்டண ரசீது இன்றுவரை காட்டவில்லை.
அந்தச் செலவை
நீங்களும் கேட்கவில்லை.

இனி அறிக்கை.
பழைய லயத்து ஆட்களுக்கு
தாமான் ஆட்களைப்போல் இரு மடங்கு கிருமி
என்று போன விண்ணப்பத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.
வியாழன் இரவு
மினி மார்க்கெட் வேலை முடித்து
சீருடையோடு வந்த லோஷினி
குழாய் ஒன்றை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு அடுத்தது. பிறகு பெட்டி முழுக்க.
"அக்கா, இந்தப் பெட்டி லயமா, தாமானா?"
குழாயில் தர்வின் எழுத்து.
மூடியில் என் எழுத்து.
இரண்டும் வேறு வேறு ஊர் சொல்லின.

விடிய விடிய எண்ணினோம்.
இரு மடங்கு கரைந்து
ஏறக்குறைய சமம் ஆனது.
நான் வெளியே போய்
ஆலைப் புகையைப் பார்த்து நின்றேன்.
கோபம்தான், பொய் சொல்லமாட்டேன்.
அவள் உள்ளே
மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தபடி
மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெறுபேறு என்ற கட்டத்தில்
கிருமி பற்றி நான்கு வரி,
நான்கும் அடக்கமான வரிகள்.
ஐந்தாவதாக
'தலைமை ஆய்வாளரின் பிழையைப் பிடிக்கத் தெரிந்தவர்: ஒருவர்'
என்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டுக்குக் கேட்பது
இரண்டு சம்பளம், ஒரு குளிர்பெட்டி.
வீரப்பெருமாள் வழியில் பார்த்தால் கேட்கிறார்,
தெரிஞ்சுதா என்று.

ரோஸ் சிரப் வேண்டாம்.
அரை போத்தல் மிச்சம் இருக்கிறது.
சம்பளம் நிச்சயமில்லை என்று சொல்லியும்
செப்டம்பரில் ஒரு பையன் வருகிறான்.
கை நடுங்குமாம்.